தேவை அறிந்து சுழலும் விசிறி

விஞ்ஞான யுகத்தில் வாழும் நாம் நாள்தோறும் பஸ்ஸிலும் வேனிலும் பயணம் செய்கிறோம். பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணி மலைக்கோ திருமலைக்கோ செல்லும் வழியில், முன்மூடியைத் திறந்து வைத்து, ஆவி பறக்க, ஏதேனும் ஒரு வண்டி சாலையோரம் நிற்பதைக் காண்கிறோம். "என்ஜின் சூடாகிவிட்டது" என்பார் ஓட்டுநர். என்ஜின் ஏன் சூடாகிறது? அதைத் தடுக்கும் உறுப்பு எது? அது பழுதானால் எவ்வாறு மாற்றுவது? பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை அறிந்துகொள்வோம்.

ஜப்பான் நாட்டு நிஸ்ஸான் நிறுவனம் 1969-ஆம் ஆண்டில் டாட்சன் 240 இசட் என்ற காரை அறிமுகம் செய்தது. இருவர் மட்டுமே அமரக்கூடிய, விரைந்தோடும் கார் இது. ஆறு சிலிண்டர்களும் 2,393 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்டது இதன் என்ஜின். இதே நிறுவனம் பிற்காலத்தில் ரெனோ நிறுவனத்துடன் சேர்ந்து, 2010-இல் சென்னையை அடுத்த ஒரகடத்தில் தொழிற்சாலை திறந்தது. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் 240 இசட் காரைப் போற்றிப் பாதுகாப்போர் பலர்.

வெப்பம் எங்கே செல்கிறது?

பெட்ரோல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை நீர் ஏந்திச் சென்று ரேடியேட்டரில் விடுகிறது. அங்கே காற்று பட்டு நீர் குளிர்கிறது. கார் விரைந்து ஓடும்போது எதிர்க்காற்றே போதும். கூட்ட நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதுதான் விசிறி தேவைப்படுகிறது.

அப்படியானால் விசிறி எப்போதும் சுழன்றால் என்ன என்று கேட்கலாம். விசிறியின் வேகம் இரு மடங்கானால், அதைச் சுழற்றத் தேவையான திறன் எட்டு மடங்காகிறது. பெட்ரோல் வீணாகும், இரைச்சலும் மிகும். இதைத் தவிர்க்கவே ஃபேன் கிளட்ச் அமைத்தார்கள்.

ஃபேன் கிளட்ச் வேலை செய்யும் விதம்

நீர்ப் பம்பின் முனையில் ஒரு வட்டத்தட்டு சுழல்கிறது. அதை மூடியிருக்கும் கூட்டின் மேல் விசிறி பொருத்தப்பட்டுள்ளது. இரண்டுக்கும் இடையே மிகக் குறுகிய இடைவெளி. கூட்டின் முகப்பில் சுருள் வடிவில் ஓர் ஈருலோகத் தகடு உள்ளது. மின்சார இஸ்திரிப்பெட்டியில் இருப்பதாக நாம் படித்த அதே தத்துவம்தான். ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடானால் சுருள் திரும்பி ஒரு வால்வைத் திறக்கும். கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் இடைவெளிக்குள் பாயும். எண்ணெயின் பாகுத்தன்மை விசிறியையும் இழுத்துக்கொண்டு சுழலச் செய்யும். காற்று குளிர்ந்ததும் எண்ணெய் தன் அறைக்குத் திரும்ப, விசிறியின் வேகம் தணியும்.

பழுதை அறிவது எப்படி?

எண்ணெய் கசிந்துவிட்டால் விசிறி வழுக்கும். நெரிசலில் என்ஜின் கொதிக்கும். கிளட்ச் இறுகிவிட்டால் ஓயாத இரைச்சல் கேட்கும். பேரிங் தேய்ந்தால் விசிறி ஆடும். என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகே இவற்றைச் சோதிக்க வேண்டும். சூடான நிலையிலும் கையால் சுண்டிவிட்ட விசிறி தடையின்றிப் பல சுற்றுகள் சுற்றினால், கிளட்ச் பயனற்றுப் போயிற்று என்று பொருள்.

இதைச் சிறிய பழுது என்று விட்டுவிடலாகாது. இந்த என்ஜினின் தலைப்பகுதி அலுமினியம், உடற்பகுதி வார்ப்பிரும்பு. அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரிவடையும் என்பதை நாம் அறிவோம். அளவு மீறிச் சூடானால் தலைப்பகுதி கோணிவிடும். சிறு உறுப்பைக் கவனியாததால் என்ஜினே பாழாகும்.

மாற்றும் முறை

1. என்ஜின் நன்கு ஆறிய பின் பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்ற வேண்டும்.

2. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் நசுங்காதபடி அதன்முன் ஓர் அட்டையைச் செருக வேண்டும்.

3. ஃபேன் பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே கிளட்சின் நட்டுகளைத் தளர்த்த வேண்டும். பெல்ட் பிடித்துக்கொள்வதால் கப்பி சுழலாது. பிறகு பெல்ட்டைத் தளர்த்தி, விசிறியோடு கிளட்சை வெளியே எடுக்கலாம்.

4. புதிய கிளட்சைப் படுக்க வைக்காமல், காரில் நிற்பது போலவே நிமிர்த்தி வைக்க வேண்டும். இல்லையேல் எண்ணெய் கசியக்கூடும்.

5. விசிறியின் முன்பக்கம் முன்பக்கமாகவே இருக்கும்படி பொருத்தி, நட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். இறுதியில் பெல்ட்டைச் சரியான இறுக்கத்தில் அமைக்க வேண்டும்.

முதலில் ஓடவிடும்போது ஓரிரு நிமிடங்கள் இரைச்சல் கேட்கலாம். தங்கியிருந்த எண்ணெய் தன் அறைக்குத் திரும்பியதும் அது அடங்கிவிடும்.

மறவாதிருப்போம்

சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. பிரஷர் குக்கரைப் போல அதனுள் அழுத்தம் மிகுந்திருப்பதால் நீர் 100 டிகிரி செல்சியஸைக் கடந்தும் கொதியாமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து, நீர் கொதித்துச் சீறி முகத்தில் அடிக்கும். சமையலறையில் குக்கரின் ஆவி அடங்கும்வரை பொறுக்கும் நாம், சாலையோரத்திலும் அதே பொறுமையைக் காட்ட வேண்டும். அவசரப்படும் பெரியோருக்கும் பணிவோடு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இயந்திரம் ஆண்களின் பாடம் என்று ஒதுங்க வேண்டியதில்லை. வெப்ப விரிவும் பாகுத்தன்மையும் நாம் வகுப்பில் கற்றவையே. வேண்டியபோது முழு முனைப்போடு உழைத்து, வேண்டாதபோது ஆற்றலை வீணாக்காது அமைதி காக்கும் இச்சிறு விசிறி, தேர்வுக்குப் படிக்கும் நமக்கும் ஒரு பாடம் அன்றோ!

— பத்தாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு