வெள்ளம் சுமந்த தேக்கு

செட்டிநாட்டு மாளிகைத் தூண்களைக் காணுந்தோறும் பர்மாத் தேக்கின் பெருமையைப் பேசுகிறோம். ஆங்கிலேயர் காலத்தில் அத்தேக்கு ஆற்றுவழியே பட்ட இடர்களும் அறியத்தக்கன.

பச்சைத் தேக்கு நீரில் மிதவாது. ஆதலின் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை வெட்டி, நின்றநிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் உலரவிட்டனர். பின்னர் வீழ்த்தி, யானைகளைக் கொண்டு வறண்ட ஓடைகளில் சேர்த்தனர். மழைக்கால வெள்ளமே கட்டைகளைப் பேராற்றுக்குக் கொண்டு சென்றது. வெள்ளம் பொய்த்தால் மரம் ஓடையிலேயே கிடக்கும். மிகுந்தால் கரையேறிச் சிதறும். ஓடை வளைவுகளில் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைபடின், யானையும் பாகனும் நீரில் இறங்கிப் பிரித்தாக வேண்டும். அடைப்பு உடையும் கணத்தில் விலகத் தவறினால் உயிருக்கே கேடு. சால்வின் ஆற்றிலோ குறுக்கே கயிறு கட்டிக் கட்டைகளைத் தடுத்து, தெப்பங்களாகப் பிணைத்து மௌல்மீனுக்கு ஓட்டினர்.

இத்துணை இடர்ப்பட்டு வந்த கட்டைகளின் எண்ணிக்கையே அரசியற் பூசலுமாயிற்று. கட்டைகளைக் குறைத்துக் காட்டியதாக 1885இல் தீபோ மன்னரின் அரசு பம்பாய் பர்மா வணிகக் கழகத்திற்குத் தண்டம் விதித்தது. ஆங்கிலேயர் அதனைச் சாக்காகக் கொண்டு போர் தொடுத்தனர். அவ்வாண்டு நவம்பரில் மாந்தளை வீழ்ந்தது.

கழகங்களையும் மன்னரையும் வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. வெள்ளத்தில் இறங்கிய பாகனையும் தெப்பக்காரனையும் அவ்வரலாற்றில் சேர்த்துப் பயிலுதல் நம் மாணவர் கடனாகும்.