ஊர் மேடைக்கு விளக்குக் கட்டும் முன்

திருவள்ளூர் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தானாலும் சரி, கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனிகளின் ஆயுத பூஜை விழாவானாலும் சரி, மேடைக்கு விளக்குக் கட்டுவது பெரும்பாலும் உள்ளூர் ஆட்கள்தான். அந்த விளக்குகளுக்கு நேர் கீழேதான் கலைஞர்கள் ஆடுகிறார்கள். விழாக் குழுவில் ஒருவராவது இவற்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

1. சவுக்குக் கம்பம் நடும் முன் மேலே அண்ணாந்து பாருங்கள். கம்பமோ இரும்பு ட்ரஸ்ஸோ தூக்கி நிறுத்தும்போது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடக்கூடாது.

2. ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு பிடிமானம் வேண்டும். கிளாம்ப் ஒன்று, சங்கிலி ஒன்று. சங்கிலியைக் குழாயில் சுற்றி, விளக்கின் பிராக்கெட்டுக்குள் நுழைத்துப் பூட்டுங்கள். தொங்கல் குறைவாக இருக்கட்டும். நீளமாக விட்டால் விளக்கு விழுகிற வேகத்தில் சங்கிலியே அறுந்துவிடலாம். நைலான் கயிறும் பிளாஸ்டிக் டையும் ஹாலஜன் சூட்டில் உருகிவிடும். பழவேற்காடு பக்கத்து உப்புக் காற்றில் நட்டும் போல்ட்டும் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவேறியதைத் தயங்காமல் மாற்றுங்கள்.

3. விளக்குக் கட்டிய ட்ரஸ்ஸில் ஃப்ளெக்ஸ் பேனர் கட்ட விடாதீர்கள். காற்றடித்தால் பேனர் ட்ரஸ்ஸையே இழுத்துச் சாய்க்கும். யார் கேட்டாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

4. இனி, எங்கே வைப்பது? அமெரிக்காவின் ஸ்டான்லி மெக்கேண்டில்ஸ் 1932இல் எழுதிய புத்தகத்தில் சொன்ன முறையை இன்றும் நாடக மேடைகளில் பின்பற்றுகிறார்கள்: முன்பக்கம் இடதும் வலதுமாக இரண்டு விளக்கு, இரண்டும் சுமார் 45 டிகிரி உயரத்திலிருந்து. மேடை 3 அடி என்றால் நடிகர் முகம் தரையிலிருந்து 8 அடியில் இருக்கும். 15 அடி உயரத்தில் கட்டும் விளக்கு அவரிடமிருந்து 7 அடி முன்னால் இருந்தால் 45 டிகிரி கிடைக்கும்.

கூத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கட்டை கட்டிய வேஷக்காரரின் கிரீடம் கண்ணில் நிழல் போட்டுவிடும். துரியோதனன் முகத்தில் எழுதிய அத்தனை வண்ணமும் வீண். அதே விளக்கை நடிகரிடமிருந்து 12 அடி முன்னால் கட்டுங்கள். ஒளி 30 டிகிரியில் விழும், கண் தெரியும், கிரீடத்துக் கண்ணாடிச் சில்லும் மின்னும். அந்தக் காலத்துத் தீப்பந்த வெளிச்சமும் முகத்துக்குப் பக்கவாட்டில் தாழ்வாகத்தான் வந்தது.

5. கூத்துக்கு மூன்று பக்கமும் ஜனம் உட்காரும். பக்கவாட்டு விளக்குகளை உயர்த்தி, கீழ்நோக்கித் திருப்புங்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளுக்கு இரவு முழுக்கக் கண் கூசக்கூடாது.

6. 1000 வாட் ஹாலஜன் ஒன்று 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நான்கைச் சேர்த்தால் 16 ஆம்பியர் பிளக்கே தாங்காது. பக்கத்து வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எம்மாத்திரம்? மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்குங்கள். எர்த்தும், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் கட்டாயம்.

7. விளக்குக்குப் போகும் ஒயர் கொஞ்சம் தொய்ந்து, பிளக்குக்குக் கீழே வளைந்து ஏறட்டும். மழை பெய்தால் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே போகாது.

8. ஏணியில் ஏறுபவர் ஸ்பேனரை நூலால் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளட்டும். அந்த நேரத்தில் கீழே யாரும் நிற்க வேண்டாம், குறிப்பாகக் குழந்தைகள்.

9. கழற்றும்போதுதான் எல்லோருக்கும் தூக்கக் கலக்கம். மெயினை அணைத்து, ஹாலஜன் ஆறும்வரை பொறுங்கள். முதலில் ஒயர். பிறகு, ஒருவர் விளக்கைத் தாங்கிப் பிடிக்க, கிளாம்ப். சங்கிலியைக் கடைசியில் அவிழுங்கள்.