கொதிகலனுக்குத் திரும்பும் நீர்: பம்பைத் தேர்ந்தெடுத்தல்

சாயச்சாலை, காகித ஆலை, பால் பதனிடும் நிலையம் ஆகியவற்றில் நீராவி தன் வெப்பத்தைத் தந்தபின் சுடுநீராகிறது. கண்டன்சேட் எனத் தொழிற்கூடங்களில் வழங்கும் இந்நீர் பெரும்பாலும் தூயது. பணம் செலவிட்டுச் சூடாக்கப்பட்டது. ஆயினும் பல சிறு ஆலைகளில் இது சாக்கடைக்கே செல்கிறது.

இழப்பைக் கணக்கிடுவது எளிது. 90 டிகிரி வெப்பமுள்ள 1 டன் கண்டன்சேட்டுக்குப் பதிலாக 30 டிகிரி நீரைக் கொதிகலனில் விட்டால், 60,000 கிலோகலோரி கூடுதலாகத் தேவைப்படும். கொதிகலனின் திறன் 80 விழுக்காடு, நிலக்கரியின் வெப்ப மதிப்பு கிலோவுக்கு 4,000 கிலோகலோரி எனக் கொண்டால், இது ஏறத்தாழ 19 கிலோ நிலக்கரிக்குச் சமம். மணிக்கு 2 டன் வீதம் 16 மணி நேரம் இயங்கும் ஆலையில் நாள்தோறும் 600 கிலோ வீணாகிறது.

நீரைத் திருப்பி அனுப்ப மின்பம்பு போதாதா? விலை குறைவு, பழுதுபார்ப்போர் எங்கும் உண்டு. பெருமளவு நீரை நெடுந்தொலைவு அனுப்ப அதுவே ஏற்றது. ஆனால் 100 டிகிரியை நெருங்கிய நீர், பம்பின் வாயிலில் அழுத்தம் சற்றே குறைந்தாலும் கொதித்துவிடும். அப்போது எழும் குமிழிகள் உள்ளே உடைந்து சுழல்சக்கரத்தை அரிக்கும். சரளைக்கல் உருளுவது போன்ற ஓசை கேட்கும். ஆகவே சேகரிப்புத் தொட்டியைப் பம்புக்கு மேல் போதிய உயரத்தில் அமைத்தல் வேண்டும். அவ்வுயரத்தைக் குறிப்பிடாத விலைப்புள்ளியை ஏற்காதிருப்பதே நன்று.

நீராவியால் இயங்கும் பம்பில் மோட்டாரும் இல்லை, சுழலும் அச்சும் இல்லை. கலத்தில் நீர் நிறைந்ததும் மிதவை உயர்ந்து நீராவி வால்வைத் திறக்கும். நீராவி நீரைத் தள்ளி வெளியேற்றும். தொட்டியை உயர்த்த இடமில்லாத தாழ்வான பகுதிகளுக்கும், தீப்பற்றும் பொருள்கள் உள்ள இடங்களுக்கும் இது பொருந்தும். விலை கூடுதல்; ஒரு கலம் அனுப்பும் அளவுக்கும் வரம்புண்டு. 10 மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ 1 பார் வீதம் எதிரழுத்தம் உண்டாகும். குழாய் உராய்வு தனி. செலுத்தும் நீராவியின் அழுத்தம் இவற்றின் கூட்டுத்தொகையை விஞ்ச வேண்டும்.

குளிர்ந்த இயந்திரத்தைத் தொடங்கும்போது கண்டன்சேட் மிகுதியாக வரும். எனவே, சராசரி அளவை மட்டும் நம்பிப் பம்பு வாங்கலாகாது. சாயத்தொட்டியின் சுருள்குழாய் ஓட்டையானால் சாயநீர் கொதிகலனைச் சேரும்; மின்கடத்துத்திறன் அளவியும், கலந்த நீரை வெளியே திருப்பும் வால்வும் இன்றியமையாதவை. கடனுக்கான மதிப்பீட்டில் இவற்றோடு தொட்டி, குழாய், வெப்பக்காப்பு உறை ஆகியவற்றின் செலவையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்க.