பொறிகள் பேசும் மொழி

நுழையும்முன்

இனிய ஒலி என்றதும் குழலும் யாழும் நம் நினைவுக்கு வருகின்றன. தறியின் தாளமும் கணினி விசைப்பலகையின் சொடுக்கொலியும்கூடச் செவிக்கு நிறைவளிப்பவையே. அந்நிறைவின் காரணத்தைக் கொங்குநாட்டின் தொழில்வாழ்வு வழியே அறிவோம்.

தறியின் தாளம்

1888ஆம் ஆண்டு இராபர்ட் ஸ்டேன்ஸ் கோயம்புத்தூரில் நூற்பாலையைத் தொடங்கினார். 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் செயற்படத் தொடங்கியபின் ஆலைகள் பெருகின. இன்றும் நெகமம், சிறுமுகை ஆகிய ஊர்களில் கைத்தறியும், சோமனூர், பல்லடம் வட்டாரங்களில் விசைத்தறியும் ஒலிக்கின்றன.

கைத்தறியில் மிதியை அழுத்தியதும் பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. அவ்விடைவெளியில் நாடா ஊடை நூலுடன் பாய்கிறது. அச்சு அந்நூலை நெருக்கி அடிக்கிறது. இம்மூன்று செயல்களும் மாறாத வரிசையில் மீள்வதால் தாளம் பிறக்கிறது. அடுத்த ஒலியைச் செவி எதிர்பார்க்கிறது. எதிர்பார்த்த கணத்தில் அது வந்து சேர்கிறது. நிறைவின் முதற்காரணம் இதுவே. தாளம் பிசகினால், கண் காணுமுன்பே நெசவாளரின் செவி பழுதை உணர்ந்துவிடும்.

கோவையின் பெயரால் புவிசார் குறியீடு பெற்ற மாவரைக்கும் கிரைண்டரிலும் இதனைக் காணலாம். தொடக்கத்தில் கரகரவென எழும் ஒலி, அரிசி அரைபட அரைபட மென்மையடைகிறது. கை தொட்டுப் பார்க்குமுன் செவி பதம் அறிகிறது.

சொல்லில் பதிந்த ஒலி

கடகட, சடசட, கரகர என்பன இரட்டைக்கிளவிகள். இவை இரட்டித்தே வரும். பிரித்தால் பொருள் தாரா. பொறியொலியும் இத்தகையதே. தனித்த ஒரு தட்டல் வெறும் ஓசை. மீண்டும் மீண்டும் வரும்போதே அது தாளமாகிறது.

விரல்நுனியின் நாடா

சுருள்வில் பொருத்திய சிலவகை விசைப்பலகைகளில், விசை குறிப்பிட்ட ஆழத்தை அடைந்ததும் விரல் ஒரு சிறு தடையை உணர்கிறது. செவி ஒரு சொடுக்கைக் கேட்கிறது. எழுத்து பதிந்தது என்னும் உறுதியே நிறைவின் இரண்டாம் காரணம். 1999இல் அறிமுகமான தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கமும், மெய்யெழுத்துகளுள் பெரும்பாலானவை வலப்பக்கமும் அமைந்துள்ளன. ஆகவே தட்டச்சிடும்போது இரு கைகளும் நாடாவைப்போல மாறிமாறி இயங்குகின்றன. அசையும் விசையே இல்லாத தொடுதிரையிலும், பதிவு செய்த சொடுக்கொலியைச் சேர்த்துள்ளனர். செவி நாடும் உறுதியே அதற்குக் காரணம்.

இனிமையின் எல்லை

ஒரு தறியின் ஒலி தாளம். ஒரே கூரையின்கீழ் பல விசைத்தறிகளின் ஒலி பேரிரைச்சல். 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியை நாள்தோறும் எட்டு மணி நேரம் கேட்போர்க்கு நாளடைவில் செவித்திறன் குறையும். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. தொழிற்சாலைகள் சட்டம் இக்கேள்விக் குறைவைத் தொழில்நோய்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. நாம் உடுத்தும் துணியை நெய்பவர், தம் பிள்ளையின் குரலைக் கேட்க இயலாத நிலைக்கு ஆளாகலாகாது. செவிக்காப்பு அணிதலும், பொறிகளை முறையாகப் பேணுதலும், ஓய்வுடன் கூடிய பணிநேரமும் அவர்தம் உரிமைகள். பொறியின் இன்னொலியைச் சுவைப்போர், அதனருகே நாளெல்லாம் நிற்பவரையும் எண்ணுதல் வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலும் தெருவிலும் கேட்கும் பொறியொலிகளுக்குப் பொருத்தமான இரட்டைக்கிளவிகளைத் தொகுக்க.
2. உங்கள் ஊர்த் தொழிலாளர் ஒருவரிடம், ஒலியைக் கொண்டு பழுதறியும் முறையைக் கேட்டறிந்து எழுதுக.