ஒரு சிறுநீரகம் போதுமா?

அம்மா குழந்தையைக் குளிப்பாட்டினாள். குழந்தைக்கு வயது 3. வயிற்றில் கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. ஆனாலும் அம்மா காத்திருக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அது சிறுநீரகப் புற்றுநோய். வில்ம்ஸ் கட்டி என்பார்கள். பெரும்பாலும் 5 வயதுக்குள் வரும். சீக்கிரம் பார்த்தால் குணமாக்கலாம். டாக்டர்கள் அந்தச் சிறுநீரகத்தை எடுத்தார்கள். மருந்தும் ஏற்றினார்கள். குழந்தை பிழைத்தது.

“இரத்தத்தைச் சுத்தம் செய்வது சிறுநீரகம்தானே? ஒன்று போதுமா, டாக்டர்?”

“போதும் அம்மா. ஆனால் அதைக் காக்க வேண்டும். ஆண்டுதோறும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். சிறுநீரையும் இரத்தத்தையும் சோதிக்க வேண்டும். எங்களைக் கேட்காமல் வலி மாத்திரை தராதீர்கள். முகமோ காலோ வீங்கினால் உடனே வாருங்கள்.”

அம்மா ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். அடுத்த சோதனைத் தேதியை அவளே படிக்கிறாள்.