முதல் வெளிநாட்டுப் பயணம்: ஒர்க் ஷீட்டில் பட்ஜெட் போடலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர், எக்ஸெல் என்றாலே அலுவலகக் கணக்குக்கு மட்டும்தான் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இந்தப் பாடத்தில் ஒரு பயணத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஆலங்குடியில் இருக்கும் என் சித்தி மகன், சேமித்து வைத்த 30,000 ரூபாயில், தோள்பை ஒன்றுடன் இலங்கை போய்வர விரும்பினான். டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன், அந்தத் தொகை போதுமா என்று தெரிய வேண்டும். மென்பொருள் பொறியாளரான நான் அவனுக்குப் போட்டுக் கொடுத்த ஷீட் இது. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதைச் செய்யலாம்.

எந்த வழி?

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இரண்டு வழிகள் பக்கம். ஒன்று, திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம். மற்றொன்று, நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் அருகே உள்ள காங்கேசன்துறைக்குக் கப்பல். இது 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்ட் 16 அன்று மீண்டும் தொடங்கியது. மழைக்காலத்தில் கப்பல் நிறுத்தப்படுவதுண்டு. எனவே ஓடும் நாட்களைப் பார்த்த பிறகே தேதி குறியுங்கள்.

ஷீட் தயாரித்தல்

1. ஏ1 செல்லில் 'மாற்று விகிதம்' என்றும், பி1 செல்லில் 3.5 என்றும் தட்டுங்கள். ஓர் இந்திய ரூபாய்க்கு 3.5 இலங்கை ரூபாய் என்பது உதாரணம். அன்றைய விகிதத்தை நீங்கள் போட வேண்டும்.

2. மூன்றாவது வரிசையில் செலவு, இலங்கை ரூபாய், எத்தனை, இந்திய ரூபாய் என நான்கு தலைப்புகள்.

3. அதன் கீழே தங்குமிடம் 3500, 5. சாப்பாடு 2450, 6. பஸ், ரயில் 1400, 5. எண்ணை மட்டும் தட்டுங்கள். பக்கத்தில் 'ரூ' சேர்த்தால் அது எழுத்தாகிவிடும், கணக்கு வராது.

4. டி4 செல்லில் சமக்குறி தட்டி, பி4ஐக் கிளிக் செய்து, நட்சத்திரக் குறி, பிறகு சி4, சாய்வுக்கோடு, கடைசியாக பி1. உடனே எஃப்4 விசையை அழுத்தி, பிறகு என்டர் தட்டுங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

5. டி4 செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்து டி6 வரை இழுங்கள்.

எஃப்4 எதற்கு? அது பி1க்கு டாலர் குறி போட்டுப் பூட்டுகிறது. பூட்டாவிட்டால், கீழே இழுக்கும்போது பி1 என்பது பி2 ஆகும். அது காலி செல். எனவே பூஜ்யத்தால் வகுத்ததாகப் பிழைச் செய்தி வரும்.

6. பாஸ்போர்ட், டிக்கெட், விசா போன்ற இந்திய ரூபாய்ச் செலவுகளைக் கூட்டி டி7ல் நேரடியாகத் தட்டுங்கள். அவனுக்கு 14,000. டி8ல் ஆட்டோசம் பட்டனை அழுத்துங்கள். டி9ல் அந்த மொத்தத்தில் 15 சதவீதம், அவசரத்துக்கு. டி10ல் 30,000த்திலிருந்து இரண்டையும் கழியுங்கள்.

விடை: 1,020 ரூபாய் மீதி. இப்போது பி1ல் 3.2 என்று மாற்றுங்கள். மீதி போய் 187 ரூபாய் 50 காசு பற்றாக்குறை! ஓர் இரவைப் பஸ்ஸில் கழிப்பதாக வைத்து, சி4ல் 5ஐ 4 ஆக்கினோம். சுமார் 1,070 ரூபாய் மிஞ்சியது. பணம் கட்டும் முன்பே இதைத் தெரிந்துகொள்வதுதான் ஷீட்டின் பயன்.

விண்ணப்பிக்கும்போது

36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். இலங்கை செல்ல அது இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். தேடலில் முதலில் வரும் தளத்தை அப்படியே நம்பாதீர்கள். அரசுத் தளம் போலத் தோன்றி அதிகப் பணம் பறிப்பவை உண்டு. அட்ரஸ் பாரில் முதல் ஒற்றைச் சாய்வுக்கோட்டுக்கு முன்னால் உள்ள முடிவைப் பாருங்கள். பாஸ்போர்ட்டுக்கு 'கவ் டாட் இன்', இலங்கை விசாவுக்கு 'கவ் டாட் எல்கே' என்று முடிய வேண்டும். விசாக் கட்டணத்தை அங்கேயே பார்த்து ஷீட்டில் சேருங்கள்.

ஷீட்டை சேவ் செய்து, ஒரு பிரின்ட் எடுத்துப் பையில் வையுங்கள். தினமும் செலவானதை அதில் எழுதி வந்தால், அடுத்த பயணத்துக்கான உண்மையான விலைப்பட்டியல் உங்கள் கையில் இருக்கும்.