நடமாடும் வீட்டிற்கு மின்மானி இணைத்தல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், தொழிற்சாலையிலேயே கட்டி முடிக்கப்பெற்று, எஃகு அடிச்சட்டத்தின்மீது சக்கரங்களில் இழுத்து வரப்படும் வீடுகள் உண்டு. பெயர் ‘நடமாடும் வீடு’ என்றாலும், ஓரிடத்தில் நிறுத்தியபின் அவற்றுட் பெரும்பாலானவை நகர்வதேயில்லை.

இத்தகைய வீட்டின் மின்மானியும் தலைமை விசையும் பெரும்பாலும் அருகில் நாட்டிய கம்பத்திலேயே பொருத்தப்படும். தலைமை விசை வீட்டின் வெளிச்சுவரிலிருந்து 30 அடிக்குள், கண்ணிற்படும்படி இருத்தல் வேண்டும். அதன் திறன் 100 ஆம்பியருக்குக் குறையலாகாது என்பது அந்நாட்டுத் தேசிய மின்சார விதி. மின்மானிக் கூட்டின் மேற்கவ்விகளில் வரவுக் கம்பிகளும், கீழ்க்கவ்விகளில் வீட்டிற்குச் செல்லும் கம்பிகளும் இணைக்கப்படும். மின்மானியை இருத்தி முத்திரையிடுவது மின்சாரக் கம்பெனியின் பொறுப்பு.

கம்பத்திலிருந்து வீட்டிற்கு நான்கு கம்பிகள் செல்லவேண்டும். கறுப்பும் சிவப்பும் மின்னழுத்தமுள்ளவை. அவற்றிற்கிடையே 240 வோல்ட்டும், நியூட்ரலாகிய வெள்ளைக்கும் இவற்றுள் ஒன்றிற்கும் இடையே 120 வோல்ட்டும் இருக்கும். பச்சை எர்த் கம்பி. நம் நாட்டு வழக்கில் கறுப்பு நியூட்ரலைக் குறிப்பதாகலின், அந்நாட்டுச் சாதனங்களைத் திறக்கும் நம் ஊழியர் இதனை மறத்தலாகாது.

நியூட்ரலும் எர்த்தும் கம்பத்திலுள்ள தலைமை விசையில் மட்டுமே ஒன்றுசேர வேண்டும், வீட்டினுள் சேரலாகாது. காரணம் யாது? நியூட்ரல் மின்னோட்டத்தைத் தாங்கும் கம்பி. நான்காவது கம்பி இல்லாமல், நியூட்ரலையே அடிச்சட்டத்துடன் பிணைத்துவிட்டதாகக் கொள்வோம். வழியில் அந்நியூட்ரல் அறுந்தால், எரியும் விளக்கின் வழியே 120 வோல்ட் அழுத்தம் அடிச்சட்டத்தையும் உலோகச் சுவரையும் அடையும். ஈரமண்ணில் வெறுங்காலுடன் நின்று கதவைத் தொடும் குழந்தைக்கு அதுவே எமனாகலாம்.

வீட்டருகே எர்த் கோல் புதைத்தாற் போதாதா என மாணவர் வினவுவர். கோலுக்கும் மண்ணுக்கும் உள்ள மின்தடை 25 ஓம் எனக் கொள்க. மின்னுள்ள கம்பி அடிச்சட்டத்தைத் தொட்டால், 120ஐ 25ஆல் வகுக்க, 4.8 ஆம்பியரே பாயும். 15 ஆம்பியர் பிரேக்கர் இதற்கு அசையாது. பச்சைக் கம்பியோ மண்ணை நம்பாமல் உலோக வழியே மிகுந்த மின்னோட்டத்தைக் கம்பத்திற்குத் திருப்புவதால், பிரேக்கர் உடனே விடுபடும்.

இணைப்பு கொடுக்குமுன் கம்பத்தின் விசையைத் திறந்து, வரும் நியூட்ரலைக் கழற்றிவிட்டு ஓம்மானியாற் சோதிக்கவேண்டும். அடிச்சட்டத்திற்கும் எர்த் பட்டைக்கும் இடையே தொடர்ச்சி இருத்தல் வேண்டும். அடிச்சட்டத்திற்கும் நியூட்ரல் பட்டைக்கும் இடையே இருத்தலாகாது. இருந்தால், வீட்டினுள் உள்ள விசைப் பெட்டியின் பிணைப்புத் திருகாணி அகற்றப்படவில்லை எனலாம். அதுவும் இல்லையெனில், மின் அடுப்பிலோ துணி உலர்த்தும் பொறியிலோ நியூட்ரலையும் உடற்கூட்டையும் சேர்க்கும் சிறு தகடு கழற்றப்படாமல் இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.